தேர்வு யாருடையதோ, பள்ளி அவருடையது

ஒரு பள்ளியை இழுத்து மூடப் பூட்டு தேவையில்லை. அங்கே படிக்கும் பிள்ளைகள் எழுத வேண்டிய தேர்வை இல்லாமல் செய்துவிட்டால் போதும். 1961-ல் மலாயா அரசு சீன உயர்நிலைப் பள்ளிகளை அப்படித்தான் அணுகியது. அந்த ஆண்டுக் கல்விச் சட்டம் எந்தச் சீனப் பள்ளியையும் தடை செய்யவில்லை. அரசின் பொதுத்தேர்வுகள் இனி மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் மட்டுமே நடக்கும். அரசுப் பணம் வேண்டுமானால் பயிற்றுமொழியை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற விரும்பாதவர்கள் தங்கள் செலவில் நடத்திக்கொள்ளலாம் என்றது. அப்போது தீபகற்பத்தில் இருந்த 70-ஐ ஒட்டிய சீன உயர்நிலைப் பள்ளிகளில் 50-க்கும் மேற்பட்டவை மாறிக்கொண்டன. மறுத்தவை 16. அவற்றில் ஒன்று, ஜொகூர் பாருவில் இருக்கும் ஃபூன் யூ. இன்று 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். மலேசியாவின் 60 சுயேச்சைச் சீன உயர்நிலைப் பள்ளிகளில் அதுவே மிகப் பெரியது. அரசுப் பணமும் அரசுத் தேர்வும் ஒருசேரக் கைவிட்டுப் போன பள்ளி எப்படி இவ்வளவு வளர்ந்தது? சீனர்களிடம் பணம் இருக்கிறது என்பார்கள் சிலர். மொழிப் பற்று என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், பணமும் பற்றும் 1962-லும் இருந்தன. அப்போது இந்தப் பள்ளிகள் தேய்ந்துகொண்டிருந்தன. அவற்றை மீட்டது, 1975-ல் நடைமுறைக்கு வந்த ஒரு முடிவு: தேர்வை நாமே நடத்துவோம் என்பது. அந்த முடிவை நடுவில் வைத்துப் பார்த்தால்தான் இப்பள்ளிகளின் நூறாண்டுக் கதை விளங்கும்.

ஃபூன் யூ 1913-ல் தொடங்கியது. சிங்கப்பூரிலிருந்து நீரிணையைக் கடந்தால் ஜொகூர் பாரு. இரண்டையும் இணைக்கும் தரைப்பாலம் 1924-ல்தான் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும் காம்பியரும் பயிரிட ஜொகூர் சுல்தான்கள் காட்டைத் திறந்துவிட்டபோது தியோச்சூக்கள் பெருமளவில் வந்தார்கள். கட்டட வேலைக்கும் வணிகத்துக்கும் சிறு தொழில்களுக்குமாகக் கான்டனியர், ஹொக்கியன், ஹக்கா, ஹைனான் மக்கள் வந்து சேர்ந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எல்லோரும் சீனர்கள். அவர்களுக்குள்ளோ ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. சங்கமும் தனி, சாமியும் தனி. நகரின் பழைய கோயிலில் இந்த ஐந்து பிரிவினருக்கும் ஒவ்வொரு தெய்வம் உண்டு. சீனப் புத்தாண்டு மாதத்தில் ஐந்தும் ஒன்றாக வீதியுலா போகும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அதே ஐந்து பிரிவினரின் பொதுப் பள்ளியாகத்தான் ஃபூன் யூ வளர்ந்தது. ஒரு குலத்தின், ஒரு பேச்சுவழக்கின் பள்ளியாக மட்டும் இருந்திருந்தால், முதல் பொருளாதார நெருக்கடியிலேயே காணாமல் போன எத்தனையோ சிறு பள்ளிகளில் அதுவும் ஒன்றாகியிருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இப்பள்ளிகளின் வரலாற்றைத் தாய்மொழிப் போராட்டமாகச் சொல்வது வழக்கம். ஆனால், அங்கே பயிற்றுமொழியாக நிலைபெற்ற மாண்டரின், அப்பள்ளிகளைக் கட்டிய பெரும்பாலானோரின் வீட்டு மொழியே அல்ல. பழைய திண்ணைப் பள்ளிகளில் பண்டை நூல்களை அவரவர் பேச்சுவழக்கில் மனப்பாடம் செய்வார்கள். பினாங்கில் 1904-லும், கோலாலம்பூரில் 1906-லும், பெண்களுக்கென்று 1908-லும் புதுப் பாணிப் பள்ளிகள் வந்தன. கணிதம், புவியியல், உடற்பயிற்சி என்று பாடத்திட்டம் மாறியது. 1911 புரட்சிக்குப் பின் சீனாவில் எழுந்த தேசிய மொழி இயக்கம் மலாயாவுக்கும் பரவ, 1920-களிலிருந்து மாண்டரின் வகுப்பறைக்குள் உறுதியாக உட்கார்ந்தது. தியோச்சூ மிளகு விவசாயியின் மகனுக்கும் கான்டனியத் தச்சரின் மகளுக்கும் அது பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொண்ட மொழி. ரத்தத்தோடு வந்ததாக இன்று மேடைகளில் பேசப்படும் மொழி, உண்மையில் யோசித்துத் தேர்ந்தெடுத்த பொதுமொழி. அந்தத் தேர்வுக்கு விலையும் உண்டு: பாட்டிமாரின் பேச்சுவழக்குகள் பேரப்பிள்ளைகளிடம் தேய்ந்துபோனதில் இப்பள்ளிகளுக்கும் பங்கிருக்கிறது. ஆகவே, உணர்ச்சி மட்டுமே இவற்றைக் காத்தது என்பது பொருந்தாது. தொடக்கத்திலிருந்தே இது அமைப்பைக் கட்டுகிறவர்களின் வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சி இப்பள்ளிகளை முதலில் கண்டுகொள்ளவில்லை. 1919-ல் சீனாவில் எழுந்த மாணவர் கிளர்ச்சி மலாயாவின் சீனப் பள்ளிகளிலும் எதிரொலித்து, ஜப்பானியப் பொருள் புறக்கணிப்பாக மாறிய பிறகுதான் விழித்துக்கொண்டது. 1920-ல் பள்ளிகள் பதிவுச் சட்டம் வந்தது: பள்ளியும் நிர்வாகியும் ஆசிரியரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். கண்காணிப்பு வந்த வேகத்தில் பணம் வரவில்லை. பின்னர் கிடைத்த மானியமும் சொற்பம். கட்டணம், நன்கொடை, வணிகர்கள் தங்களுக்குள் விதித்துக்கொண்ட மகமை ஆகியவற்றை வைத்தே காலம் ஓடியது. மகமை என்ற ஏற்பாட்டைத் தென்தமிழகத்து வணிகச் சமூகங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஊரிலும் பள்ளிகளும் கல்லூரிகளும் அப்படி எழுந்திருக்கின்றன. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் சீனப் பள்ளிகள் மூடப்பட்டன. ஜப்பானை எதிர்த்துச் சீனா நடத்திய போருக்குப் பணம் திரட்டியவர்கள் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் குறிவைத்துக் கொல்லப்பட்டார்கள். 1945-க்குப் பிறகு மீண்டும் திறந்தபோது பள்ளிகளில் கூட்டம் அலைமோதியது. ஃபூன் யூவில் உயர்நிலை வகுப்புகள் தொடங்கியது 1951-ல்.

அதே 1951-ல்தான் சண்டையும் தொடங்கியது. அந்த ஆண்டு வெளியான பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழிகளாக உள்ள தேசியப் பள்ளிகள் மட்டுமே இருக்க வேண்டும், சீன, தமிழ்ப் பள்ளிகள் படிப்படியாக அவற்றுக்கு இடம் விட வேண்டும் என்றது. சீனப் பள்ளிகளை ஆராய்ந்த ஃபென்–வூ அறிக்கை, மும்மொழி கற்கும் பிள்ளைகளால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்று வாதிட்டது. அரசு முதல் அறிக்கையின் பக்கம் சாய்ந்து 1952-ல் சட்டம் கொண்டுவந்தது. பார்ன்ஸ் அறிக்கை கிளப்பிய எதிர்ப்பில், 1951 டிசம்பரில் சீனப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பும், 1954-ல் பள்ளி நிர்வாகக் குழுக்களின் கூட்டமைப்பான டோங் சோங்கும் உருவாயின. ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர் லிம் லியான் கியோக், கோலாலம்பூர் கன்பூசியப் பள்ளியில் ஆசிரியர். 1955 ஜனவரியில் மலாக்காவில், பின்னர் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மானும் சீனக் கல்வியாளர்களும் சந்தித்துப் பேசினார்கள். சீன மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி கேட்கும் கோரிக்கையைத் தேர்தல் முடியும்வரை ஒத்திவைக்க லிம் ஒப்புக்கொண்டார். சீனப் பள்ளிகளின் நலன் காக்கப்படும் என்ற நம்பிக்கை பதிலாகக் கிடைத்தது. ஐந்தாண்டுகளில் அந்த நம்பிக்கை உடைந்தது. 1960-ன் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961-ன் சட்டத்துக்கு வழிபோட்டது. எதிர்த்துப் பேசிய லிம்மின் ஆசிரியர் உரிமமும் குடியுரிமையும் பறிக்கப்பட்டன. நீதிமன்றம் ஏறியும் பலனில்லை. 1985-ல் அவர் இறந்தபோதும் குடியுரிமை திரும்பியிருக்கவில்லை.

மாறிக்கொண்ட பள்ளிகளைக் குறை சொல்ல முடியாது. ஆசிரியருக்குச் சம்பளம், பிள்ளைகளுக்கு அரசுச் சான்றிதழ், பெற்றோருக்குக் குறைந்த கட்டணம் என்று அரசு காட்டிய மூன்றுமே உண்மையானவை. வாரப் பாடநேரத்தில் மூன்றில் ஒரு பங்கு சீனத்துக்கு இருக்கும் என்ற பேச்சும் இருந்தது. அப்படி மாறிய பள்ளிகள் முதலில் ஆங்கில வழிக்குப் போயின. 1970-களில் நாடு முழுக்க ஆங்கிலவழி நிறுத்தப்பட்டபோது மலாய் வழிக்குப் போயின. சீனம் அங்கே ஒரு பாடமாகச் சுருங்கியது. நல்ல பள்ளிகள்தாம், பினாங்கின் சுங் லிங் போன்றவை இன்றும் பெயர் பெற்றவை. எனினும், தேர்வின் மொழி மாறிய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வகுப்பறையின் மொழியும் மாறிவிட்டது என்பதற்கு இவற்றை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தேர்வில் எதைக் கேட்பார்களோ அதைத்தான் ஆசிரியர் நடத்துவார். பிள்ளை அதைத்தான் படிக்கும். பதிப்பாளர் அதற்குத்தான் புத்தகம் போடுவார்.

மறுத்த பள்ளிகளின் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. தொடக்கப் பள்ளியை முடித்தவர்களுக்கு அரசு வைத்த நுழைவுத் தேர்வில் தவறியவர்கள், வயது கடந்தவர்கள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள் என்று கழித்துவிடப்பட்ட பிள்ளைகளின் புகலிடமாக அவை ஆயின. 1965 முதல் அந்த நுழைவுத் தேர்வும் இல்லை. எல்லோருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் இடம் என்றானது. நாட்டுக்கு நல்லது நடந்தது. சுயேச்சைப் பள்ளிகளுக்கோ அந்தக் கடைசி வரத்தும் நின்றது. படித்து முடித்தால் கையில் கிடைப்பது அந்தந்தப் பள்ளி கொடுக்கும் காகிதம். ஒரு பள்ளியின் தொண்ணூறும் இன்னொரு பள்ளியின் தொண்ணூறும் ஒன்றா என்று எந்தப் பல்கலைக்கழகமும் அறிய வழியில்லை. ஒவ்வொரு பள்ளியும் ஒரு பாடத்திட்டம், ஒரு புத்தகம். சிங்கப்பூரில் தனி வணிகர்களும் ரிக்‌ஷா ஓட்டிகளும் பணம் கொடுத்து 1950-களில் எழுப்பிய நான்யாங் பல்கலைக்கழகம்தான் இப்பிள்ளைகளுக்கு மேலே இருந்த ஒரே பெரிய வாசல். 1965-ல் சிங்கப்பூர் பிரிந்தபோது அது வேற்று நாட்டுக்குப் போய்விட்டது. மலேசியாவிலேயே ஒரு சீனப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1968-ல் எழுந்த மெர்டேக்கா பல்கலைக்கழகத் திட்டத்தை அரசு 1978-ல் நிராகரித்தது. 1982-ல் நீதிமன்றமும் கைவிரித்தது.

திருப்பம் பேராக் மாநிலத்தில் வந்தது. அங்கிருந்த ஒன்பது சுயேச்சைப் பள்ளிகளில் பல மூடும் தறுவாயில் இருந்தபோது, 1973-ல் அவற்றுக்காகப் பத்து லட்சம் வெள்ளி திரட்டும் இயக்கம் தொடங்கியது. வெறும் நிதி திரட்டலாக அது முடிந்திருந்தால் இன்னொரு பத்தாண்டு ஓடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுவதுமுள்ள சுயேச்சைப் பள்ளிகளின் பிரதிநிதிகள் கூடி ஒரு பொதுத் திட்ட ஆவணத்தை ஏற்றார்கள். ஒரே பாடத்திட்டம், ஒரே பாடநூல், ஒரே பொதுத்தேர்வு, ஆசிரியர் பயிற்சி, பொது நிதி என்று அதில் இருந்தவை எல்லாம் அலுவலக வேலைகள். மேடையேறிப் பேசக் கவர்ச்சியானது ஒன்றுகூட இல்லை. இரண்டே ஆண்டுகளில், 1975-ல், முதல் ஒருங்கிணைந்த தேர்வு நடந்தது. யுஇசி என்ற மூன்றெழுத்துகளில் அது இன்று அறியப்படுகிறது. அதை நிறுத்தச் சொல்லி அரசிடமிருந்து நெருக்குதல் வந்தது. கல்வி அமைச்சராக அப்போது இருந்தவர் மகாதீர். தேர்வு நின்றுவிடவில்லை.

பொதுத்தேர்வு நடத்துவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் இந்த வரலாற்றின் சாரம் அதில்தான் இருக்கிறது. ஜொகூரிலிருந்து சபா வரை, கடல் தாண்டியும் சிதறிக் கிடக்கும் பள்ளிகளில் ஒரே நாளில் ஒரே வினாத்தாளைப் பிரிக்க வேண்டும். தீபகற்பத்துப் பிள்ளை, கூச்சிங் பிள்ளை, சண்டாக்கான் பிள்ளை மூவரின் விடைத்தாளையும் ஒரே அளவுகோலில் திருத்த வேண்டும். இயற்பியல் தாளுக்கு முன் இயற்பியல் பாடநூல் வேண்டும்; பாடநூலுக்கு முன் கலைச்சொற்கள் முடிவாக வேண்டும். நடுநிலைப் பிரிவு மூன்றாண்டு, மேல்நிலைப் பிரிவு மூன்றாண்டு. இரண்டின் முடிவிலும் தேர்வு. தொழிற்பாடப் பிரிவு தனி. மேல்நிலையில் சீனம், மலாய், ஆங்கிலம், கணிதம், உயர்கணிதம், வரலாறு, புவியியல், மூன்று அறிவியல்கள், கணக்குப்பதிவு, வணிகம், பொருளியல் என்று நீளும் பட்டியலில் ஒவ்வொரு தாளுக்கும் ஏ1 முதல் எஃப்9 வரை ஒன்பது தரநிலைகள். இவ்வளவையும் அரசு அதிகாரமோ அரசு அச்சகமோ இல்லாத டோங் சோங் என்ற தன்னார்வக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் செய்கிறது. ஒரு முறை தாள் வெளியானாலும், ஒரு முறை மதிப்பெண்ணில் மோசடி என்ற பேச்சு வந்தாலும் மொத்தமும் கவிழும். பின்னால் நிற்க அரசின் முத்திரை இல்லை. சிங்கப்பூர், தைவான், சீனா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் இந்தத் தேர்வை ஏற்பது, இந்த நம்பகத்தன்மையை ஐம்பது ஆண்டுகள் காத்ததன் பலன். சான்றிதழுக்கு மதிப்பு வந்ததும் பெற்றோர் திரும்பி வந்தார்கள். முன்பு வேறு வழியில்லாதவர்கள் வந்த பள்ளிக்கு இப்போது இடம் கிடைக்காதா என்று வந்தார்கள்.

இனி, எதிர்வாதங்கள். முதலாவது, இது பணக்காரச் சமூகத்தின் கதை, மற்றவர்களால் முடியாது என்பது. நிலம் கொடுத்த கோடீஸ்வரர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பள்ளியின் அன்றாடத்தைக் கோடீஸ்வரரின் காசோலை ஓட்டுவதில்லை. மலேசியச் சிறுநகரங்களில் இன்றும் நடக்கும் ஒரு வழக்கத்தைப் பாருங்கள்: குறித்த ஒரு நாளில் நூடுல்ஸ் வறுப்பவர், காப்பிக் கடைக்காரர், பழச்சாறு விற்பவர் என்று தெருவோரக் கடைக்காரர்கள் அன்றைய வியாபாரத்தைப் பள்ளி நிதிக்கு எழுதிவைத்துவிடுவார்கள். ஊர்க்காரர்கள் முன்கூட்டியே கூப்பன் வாங்கி வைத்துக்கொண்டு வருவார்கள். மாணவர்கள் தட்டு கழுவுவார்கள். ஆயிரம் பேர் உட்காரும் விருந்து, மேசைக்கு இவ்வளவு என்று விலை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு மேசை எடுப்பார்கள். தொகை சிறிது. ஆனால் கொடுத்தவர் எண்ணிக்கை பெரிது. கொடுத்தவர்கள் எல்லோரும் பள்ளியைத் தங்களுடையது என்று நினைத்துக் கேள்வி கேட்பார்கள். மேலும், இதே பணம் 1960-களிலும் இருந்தும் பள்ளிகள் சரிந்தன என்பதைத் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃபூன் யூ இந்த ஏற்பாட்டின் மேல் நின்றுதான் வளர்ந்தது. அதன் பெயரிலுள்ள தொடக்கப் பள்ளிகள், ஒன்று முதல் ஐந்து வரை எண் இட்டவை, அரசு உதவி பெறுபவை. உயர்நிலைப் பள்ளி மட்டும் சுயேச்சை. ஒரே பெயரில் இரு வகை உறவு. 1975-ல் பள்ளிக்கு மேலே உயர்கல்வி வகுப்புகளைத் தொடங்கிப் பார்த்தது. அரசு நிறுத்தச் சொன்னது. விடாமல் கேட்டு, அந்த முயற்சியிலிருந்து பிறந்த சதர்ன் கல்லூரி 1990-ல் திறந்தது. சமூகப் பணத்தில், லாப நோக்கம் இல்லாமல் நடக்கும் அந்நாட்டுத் தனியார் கல்லூரிகளுக்கு முன்னோடி அது. இப்போது பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்திருக்கிறது. புதிய சுயேச்சைப் பள்ளிகளுக்கு அனுமதி கிடைப்பது அரிதென்பதால், கூலாயில் 2005-ல் வந்த வளாகம் கிளைப் பள்ளி என்ற பெயரில் வந்தது. பிறகு செரி ஆலாமிலும் ஒன்று. எண்ணிக்கை 60-ல் உறைந்திருக்க, தேவை மட்டும் வளர்ந்ததால், ஒரே பள்ளியில் பத்தாயிரம் பிள்ளைகளைத் திணிக்க வேண்டியிருக்கிறது. நெரிசலான வகுப்பறைகள் எந்தக் கல்வியாளரும் விரும்பும் நிலையல்ல. பெருமையாகச் சொல்லப்படும் இந்த எண் ஒரு கொள்கைத் தவறின் விளைவும்கூட.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது: தனித் தனிப் பள்ளியில் வளரும் பிள்ளைகள் எப்படி ஒரு நாடாவார்கள்? இந்தக் கவலையை இனவாதம் என்று ஒதுக்குவது நேர்மையல்ல. ஆறாண்டு சீனத் தொடக்கப் பள்ளி, ஆறாண்டு சுயேச்சைப் பள்ளி, பிறகு தைவானோ சிங்கப்பூரோ என்று போகும் ஒரு பிள்ளை, மலாய் நண்பர் ஒருவர்கூட இல்லாமல் 22 வயதாகிவிட முடியும். அது இழப்பு. ஆனால், அந்தப் பாதையின் கடைசிப் பகுதியைப் போட்டது யார்? யுஇசி சான்றிதழை மட்டும் வைத்து உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது என்று ஆக்கியதால்தானே பிள்ளைகள் வெளியே போனார்கள்? 18 வயதில் மலாய், தமிழ், சீனப் பிள்ளைகள் ஒரே விடுதியில் தங்கும் வாய்ப்பை மறுத்துவிட்டு, அவர்கள் கலப்பதில்லை என்று குறை சொல்வது சரியில்லை. இன்னொன்று: பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் ஆங்கிலத்திலேயே பயிற்றும் சர்வதேசப் பள்ளிகளில் மலேசியர்கள் சேர்வதற்கு இருந்த உச்சவரம்பை 2012-ல் அரசே எடுத்தது. அந்தப் பிள்ளைகளின் தேசப்பற்றை யாரும் சோதிப்பதில்லை. பூமிபுத்திரர்கள் எனப்படும் மலாய்க்காரர்களுக்கும் பிற பூர்வகுடிகளுக்கும் மட்டுமே இடம் தரும் பெரிய பல்கலைக்கழகத்தை அரசே நடத்துகிறது. ஒற்றுமைதான் அளவுகோல் என்றால், அது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

மலாய் மொழித் திறன் பற்றிய கோரிக்கை நியாயமானது. அதைச் சீனக் கல்வி அமைப்புகள் மனத்தடையின்றி ஏற்க வேண்டும். அரசின் உயர்நிலைப் பொதுத்தேர்வான எஸ்பிஎம்மின் மலாய்த் தாளில் நல்ல தேர்ச்சி என்ற நிபந்தனையோடு யுஇசியை ஏற்பது நடக்கக்கூடியது. சரவாக் மாநிலம் தன் அரசுப் பணிகளுக்கு யுஇசியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே ஒற்றுமை குலைந்ததாக யாரும் சொல்லவில்லை. வரலாற்றுப் பாடத்தில் மலேசியா போதவில்லை என்றால், இரு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து, எந்த அத்தியாயம் இல்லை என்று சொல்லிச் சேர்க்கச் செய்யலாம். கல்வியாளர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து முடிக்கக்கூடிய வேலையைக் கட்சிகள் தேர்தல் மேடைக்கு எடுத்துப்போய்விட்டன. 2018-ல் ஆட்சிக்கு வந்த கூட்டணி யுஇசியை அங்கீகரிப்பதாகத் தேர்தல் அறிக்கையிலேயே எழுதியது. 2020-ல் கவிழும்வரை செய்யவில்லை. 2011-ல் மலேசியாவும் சீனாவும் பட்டங்களைப் பரஸ்பரம் அங்கீகரிக்க உடன்பட்டன. யுஇசி எழுதிச் சீனாவுக்குப் போய்ப் பட்டம் வாங்கி வருபவரின் பட்டம் செல்லும். அந்தப் பட்டத்துக்கு அவரைத் தகுதியாக்கிய தேர்வு செல்லாது. இதில் கொள்கை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இப்பள்ளிகள் குறையற்றவை என்று சொல்லவில்லை. தேர்வால் பிழைத்தவை தேர்வுக்கே அடிமையாகும் ஆபத்து அங்கே கண்கூடு. கட்டணம் உயர்ந்துகொண்டே போகிறது. நகரத்துப் பெரிய பள்ளிகள் இடமின்றித் திணற, சிற்றூர்ப் பள்ளிகள் சில நூறு மாணவர்களோடு தடுமாறுகின்றன. பிற இனப் பிள்ளைகளை ஈர்க்கும் முயற்சி போதாது. அரசு உதவி பெறும் சீனத் தொடக்கப் பள்ளிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பிள்ளை சீனரல்லாதவர். மலாய், தமிழ்ப் பெற்றோர் விரும்பிச் சேர்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு உயர்நிலையில் உதவித்தொகையும் மொழி உதவியும் கொடுத்து இழுத்துக்கொண்டால், ஒற்றுமைக் கேள்விக்கு அதுவே நல்ல பதிலாக இருக்கும்.

மலேசியத் தமிழர்களுக்கு இந்த வரலாறு பக்கத்து வீட்டுக் கதையல்ல. 1951-ன் பார்ன்ஸ் அறிக்கை சீனப் பள்ளிகளோடு தமிழ்ப் பள்ளிகளையும் சேர்த்தே விலகச் சொன்னது. 2021-ல் உயர் நீதிமன்றமும் 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சீன, தமிழ்ப் பள்ளிகள் இரண்டும் அரசமைப்புக்கு உட்பட்டவை என்று ஒரே வழக்கில்தான் தீர்ப்பளித்தன. தொடக்கமோ வேறு. சீனப் பள்ளியை நகரத்து வணிகர்கள் எழுப்பினார்கள். தமிழ்ப் பள்ளிகளில் மிகப் பல, தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியதால் ரப்பர்த் தோட்ட முதலாளிகள் வேண்டாவெறுப்பாக எழுப்பியவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் போதும் என்றது 1923-ன் சட்டம். தோட்டத்துப் பிள்ளை பால்மரம் வெட்டப் போகும் என்ற கணக்கில் கட்டிய பள்ளிக்கு மேல்வகுப்பு எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. விடுதலையின்போது 900-ஐ நெருங்கிய தமிழ்ப் பள்ளிகள் இன்று 500-ஐச் சற்றே தாண்டும். மேலே, மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. ஏணியில் அடிப்படியும் உச்சிப்படியும் இருக்க, நடுப்படிகள் இல்லை. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைக்குத் தமிழ் அதன் பிறகு ஒரு விருப்பப் பாடம். பல பள்ளிகளில் ஆசிரியர் கிடைக்காமல் அதுவும் வகுப்பு நேரத்துக்கு வெளியே.

ஒரு தமிழ் உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்ற கோரிக்கை மலேசியாவில் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. ஒவ்வொரு முறையும் பேச்சு நிலத்தைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும், எந்தக் கட்சி வாங்கித் தரும் என்பதைப் பற்றியும்தான் இருக்கிறது. தமிழர் தொகை சிறியது, பணம் குறைவு, சீனர் வழி நமக்குச் செல்லாது என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. அறுபது பள்ளிகளை யாரும் கேட்கவில்லை. ஏழாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை தமிழில் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் தரமான துணைப் பாடநூல்கள், நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கும் ஒரு தமிழ்த் திறன் தேர்வு, அதைத் திருத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர் குழு என்ற அளவில் தொடங்க நிலமும் வேண்டாம், அமைச்சர் கையெழுத்தும் வேண்டாம். நம்பகமான ஐந்தாறு ஆண்டுத் தேர்வு முடிவுகள் கையில் இருந்தால், பள்ளி கேட்கும்போது பேச்சே வேறாக இருக்கும். அந்த வேலையை எப்படிச் செய்வது, எங்கெல்லாம் சறுக்கும் என்பது ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவரும் டோங் சோங்குக்குத் தெரியும். அதன் தலைமையகம் காஜாங்கில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து அதிக தூரம் இல்லை. மலேசியத் தமிழ்க் கல்வி அமைப்புகள் அங்கே போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.